பங்காளியும் விலக்குப் பெற்றவனும்: அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் பயிற்சியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'இம்யூனிட்டி' என்னும் சொல் மருத்துவத்தில் பிறந்ததல்ல, ரோமானியச் சட்டத்தில் பிறந்தது. 'மூனுஸ்' என்றால் ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை, கட்ட வேண்டிய வரி, எல்லோரோடும் சேர்ந்து சுமக்க வேண்டிய சுமை. அதிலிருந்து விலக்குப் பெற்றவன் 'இம்யூனிஸ்'. பொதுவிலிருந்து கழன்றுகொண்டவன் என்று பச்சையாகச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தச் சட்டச் சொல் உடலுக்குள் நிலையாகக் குடியேறியது. குடியேறிய கையோடு கோட்டை, காவல், படையெடுப்பு என்று ஒரு முழு ராணுவத்தையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. தமிழில் நாம் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்கிறபோது அந்தப் படைக்குத்தான் பெயர் வைக்கிறோம். 2020இல் கொரோனா வந்தபோது கஷாயத்திலிருந்து பிஸ்கட் வரை எல்லாமே அந்தப் பெயரில்தானே விற்றது.

'ஃபெல்லோ' என்ற சொல்லின் கதை இதற்கு நேர் எதிரானது. பழைய நார்ஸ் மொழியில் 'ஃபேலகி' என்றால், ஒரு கூட்டு முயற்சியில் தன் பொருளையும் கொண்டுவந்து வைப்பவன். நம் வழக்கில் சொன்னால் பங்காளி. சொத்தில் பங்கு, தீட்டில் பங்கு, சண்டையிலும் பங்கு. பேச்சுத் தமிழில் 'அந்த ஃபெல்லோ சரியில்லப்பா' என்று ஆளைக் குறைத்துச் சொல்வதற்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்பது தனிக்கதை.

அமெரிக்காவில் ஒரு டாக்டர் ஒவ்வாமை மருத்துவராக வேண்டுமானால் மருத்துவக் கல்லூரியை முடித்து, பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ 3 வருடம் உறைவிடப் பயிற்சி பெற்று, அதன்பின் 2 வருடம் 'ஃபெல்லோ'வாக இருந்தாக வேண்டும். அந்தப் பயிற்சியின் பெயர் 'அலர்ஜி மற்றும் இம்யூனாலஜி ஃபெல்லோஷிப்'. விலக்குப் பெறுவதைப் பற்றிய படிப்பு, பங்காளி என்ற பட்டத்தின் கீழ். இந்த முரணை நான் வெறும் சொல் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்தத் துறையின் நூற்றாண்டு வரலாறே இந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலான இழுபறியாகத்தான் எனக்குப் படுகிறது. யாரோடு யார் பங்கு போட்டார்கள், யார் எதிலிருந்து விலக்குப் பெற்றார்கள், யாருடைய உடல் கணக்கிலேயே வரவில்லை - கேள்விகள் இவைதான்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். மருத்துவமனை என்பது நோயைப் பார்க்கும் இடம் மட்டுமல்ல, எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்காமல் விட வேண்டும் என்று கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும் இடமும்தான் என்பதை ஃபூக்கோ 1963இலேயே எழுதிவிட்டார். கண்ணுக்குக் கற்றுக்கொடுக்கும் அந்த வேலை நடக்கும் இடத்தின் பெயர்தான் பயிற்சி. அதை டாக்டர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

2

முதலில், இது யாருடைய நோயாக இருந்தது? 1819இல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் கோடை வந்தால் தன் கண்ணும் மூக்கும் படும் பாட்டை ஒரு நோயாக விவரித்தார். பின்னால் 'ஹே ஃபீவர்' என்று பெயர் பெற்றது அது. 1873இல் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி, புல்லின் மகரந்தமே காரணம் என்பதைத் தன் மூக்கிலும் தோலிலும் சோதித்துக் காட்டினார். மகரந்தத்தின் நடுவிலேயே வாழும் விவசாயிகளுக்கு இது அரிதாக வருவதையும், படித்த, வசதியான வர்க்கத்துக்கே அதிகம் வருவதையும் அவரே கவனித்தார். அந்தக் கவனிப்பை ஒரு கேள்வியாக வைத்திருந்திருக்கலாம். ஆனால் அது உடனே ஒரு பெருமையாக மாறியது. 1880களில் தொண்டை மருத்துவத்தில் பெரும்புள்ளியான மொரெல் மெக்கன்ஸி, ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இந்த நோய் வருவதே அவர்களுடைய இன மேன்மைக்குச் சான்று என்கிற அளவுக்குப் போனார். அமெரிக்காவில் 1874இல் ஹே ஃபீவர் நோயாளிகள் சங்கமே தொடங்கினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில், பெத்லஹேம் என்ற ஊரில். மகரந்தம் இல்லாத மலைக்கு ரயிலேறிப் போய்க் கோடை முழுக்கத் தங்க வசதி உள்ளவர்களின் சங்கம். அந்த ஓட்டல்களில் துணி துவைத்தவர்களுக்கும் தும்மல் வந்திருக்கலாம். அதை யார் பதிவு செய்வது?

1902இல் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் கடல் உயிரிகளின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசி காப்பாற்றும் என்று எதிர்பார்த்தால், வாரங்கள் கழித்துப் போட்ட சிறிய இரண்டாம் ஊசியிலேயே நாய் செத்தது. 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டார்கள். ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ரிஷே பிரெஞ்சு இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். உடலுக்குள் நட்பும் பகையும் அப்படியொன்றும் தெளிவாகப் பிரிந்து கிடக்கவில்லை என்று நாயிடம் கண்டுபிடித்த ஒருவர், மனிதரில் மட்டும் உயர்ந்த ரத்தம் தாழ்ந்த ரத்தம் என்று கறாராகப் பிரிக்க முடிந்தது. பரிசோதனைச்சாலை உண்மை பரிசோதனைச்சாலைக்கு வெளியே தானாக நடந்து வந்துவிடாது.

1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் 'அல்லோஸ்' என்றால் வேறு, 'எர்கோன்' என்றால் செயல். வேறுவிதமாக வினையாற்றுதல். ஒரு பொருளை உடல் ஒருமுறை சந்தித்த பிறகு அடுத்தமுறை பழையபடி இருப்பதில்லை, மாறிவிடுகிறது. அந்த மாற்றம் காப்பாற்றவும் செய்யலாம், கொல்லவும் செய்யலாம். பிர்க்கேயின் சொல்லுக்குள் இரண்டுமே இருந்தன. பிறகு வந்தவர்கள்தான் காப்பாற்றும் பாதியை 'இம்யூனிட்டி' பக்கம் ஒதுக்கிவிட்டு, 'அலர்ஜி'யைக் கோளாறாகக் குறுக்கினார்கள். ஒரே வினையை இரண்டு அறையில் போட்டுப் பூட்டிய காரியம் இது. 65 வருடம் கழித்து ஒரு வாரியத்தின் பெயரில் 'மற்றும்' போட்டு இரண்டையும் திரும்ப ஒட்டவேண்டி வந்தது.

3

1921இல் பிரெஸ்லவ் நகரில் நடந்த ஒரு சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஹைன்ஸ் க்யூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்காது. கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒன்றும் ஆகாது. க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தோல் சிவந்து தடித்தது. ஒருவரின் ஒவ்வாமை இன்னொருவரின் தோலில் எழுந்து நின்றது. ஒவ்வாமை என்பது நரம்புத் தளர்ச்சியோ மனப்பிரமையோ அல்ல, ரத்தத்தில் இருக்கும், கைமாற்றித் தரக்கூடிய ஒரு பொருள் என்பது அன்று நிரூபணமாயிற்று.

ஒவ்வாமை இயலின் அஸ்திவாரமே இந்தப் பங்கீடுதான். 'தன்' உடலுக்கும் 'பிற' உடலுக்கும் நடுவே உள்ள எல்லையைக் காக்கும் காவல்படை பற்றித்தான் இந்த இயலின் சொல்லாடல் ஓயாமல் பேசுகிறது. ஆனால் அதன் அறிவு பிறந்ததோ அந்த எல்லையை மீறியபோதுதான். எல்லை என்ற கருத்தின் நிஜமான வன்முறையைப் பிராஸ்னிட்ஸே பின்னால் அனுபவித்தார். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். உலகப் புகழ்பெற்ற ஒரு சோதனைக்குப் பெயர் தந்தவர் கடைசியில் இங்கிலாந்தில் வைட் தீவில் சாதாரண ஊர் டாக்டராக வாழ்ந்தார்.

சோதனை இப்படிப் போக, சிகிச்சை இன்னொரு பாதையில் வந்தது. 1911இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லியனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஊசி போட்டு, நோயாளிகள் தாங்கும் திறன் கூடுவதைக் காட்டினார். மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, அதற்கு மாற்று உடலில் உருவாகிறது என்பது அவர் கோட்பாடு. கோட்பாடு தவறு, ஊசி பலித்தது. இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோக, ஜான் ஃபிரீமன் தொடர்ந்தார். அந்தத் துறையை நடத்திய ஆல்ம்ராத் ரைட், தன் தடுப்பு மருந்துகளை பார்க்-டேவிஸ் கம்பெனி மூலமாக விற்று அந்த வருமானத்தில் ஆய்வை நடத்தியவர். ஊசி, வியாபாரம், அறிவு மூன்றும் ஆரம்பத்திலிருந்தே ஒரே கூரையின் கீழ்தான்.

இந்த ஊசி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்த காலம் முக்கியமானது. 1910இல் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரின் அறிக்கை வெளிவந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து, பரிசோதனைச்சாலை இல்லாத, தரமில்லாத கல்லூரிகளை மூடச் சொன்ன அறிக்கை. போலிகள் ஒழிந்தது உண்மை. கூடவே, கறுப்பினத்தவருக்கென்று அப்போது இயங்கிய 7 கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. ஹோவார்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. கறுப்பின டாக்டர்கள் முக்கியமாகத் தங்கள் இனத்தவருக்கே வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள், அவர்களுக்குச் சுகாதாரம் கற்பித்தால் போதும் என்ற தொனி அந்த அறிக்கையிலேயே உண்டு. 'தரம்' என்ற சொல் யாருடைய வாயிலிருந்து வருகிறது, வாசலில் யாரை நிறுத்துகிறது என்பது நமக்கொன்றும் புதிய விஷயமில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் கறுப்பின டாக்டர்களை ஒதுக்கியதற்கு 2008இல்தான் மன்னிப்புக் கேட்டது.

நியூயார்க்கில் ராபர்ட் குக் 1910களின் இறுதியில் ஒவ்வாமைக்கென்று ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். அவரே ஆஸ்துமாக்காரர். 1923இல் ஆர்தர் கோக்காவோடு சேர்ந்து 'அட்டோப்பி' என்ற சொல்லைத் தந்தார். இடம் இல்லாதது, விநோதமானது என்று பொருள். குக்கிடம் பழகியவர்கள் அடுத்த தலைமுறையின் ஆசிரியர்களானார்கள். பாடத்திட்டம் என்று ஒன்று இறுகுவதற்கு முன்பு, கூட இருந்து, பார்த்து, கை பழகிக் கற்றுக்கொண்ட காலம் அது. சாறு காய்ச்சுவது எப்படி, எந்த அளவில் தொடங்குவது, தோலில் எழும் தடிப்பை எப்படிப் படிப்பது - எல்லாம் குருகுலம்தான். குருகுலத்துக்கே உரிய அழகும் உண்டு, கேடும் உண்டு. ஆசான் செய்தது சரியா என்று கேட்க வழியில்லை. 1911இல் தொடங்கிய ஊசி சிகிச்சை முறையான ஒப்பீட்டுச் சோதனைக்கு உள்ளானது 1954இல், வில்லியம் ஃப்ராங்க்லண்ட் கையில். 43 வருடம். அமெரிக்காவில் லோவெல், ஃபிராங்க்லின் இருவரும் மருந்து எது, வெறும் நீர் எது என்று மறைத்து நடத்திய ஆய்வு 1965இல் வந்தது. ஊசி தேர்ச்சி பெற்றது, சரி. தேறாமல் போயிருந்தால் அந்தக் கைகளுக்கெல்லாம் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

4

ஒவ்வாமை டாக்டர்கள் 1942இல் ஒரு 'காலேஜ்' தொடங்கினார்கள். 1943இல் இரண்டு பழைய சங்கங்கள் இணைந்து ஓர் 'அகாடமி' உருவானது. அங்கீகாரத்துக்குப் போட்டி போட்ட இந்த இரண்டு அமைப்புகளும் இன்றும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. சிறுபத்திரிகை உலகத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சக டாக்டர்களிடையே இவர்களுக்குப் பெரிய மரியாதை இல்லை. வாராவாரம் ஊசி போடுகிறவர்கள், அவ்வளவுதான். இந்த நிலையை மாற்றியது ஒரு மூலக்கூறு. பிராஸ்னிட்ஸின் தோலில் எழுந்த அந்தப் பொருள் எது என்பது 45 வருடம் யாருக்கும் பிடிபடவில்லை. டென்வரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியினர் 1966இல் அதைப் பிடித்தார்கள். பிரித்தெடுத்ததைத் தங்கள் தோலிலேயே செலுத்திச் செலுத்திப் பார்த்தார்கள். ஸ்வீடனில் உப்சாலாவில் ஜொஹான்சனும் பென்னிக்கும் வேறு வழியில் அதே பொருளை வந்தடைந்தார்கள். 1968இல் அதற்கு 'ஐஜிஇ' என்று பொதுப்பெயர் முடிவாயிற்று.

இஷிசாகாக்கள் வேலை செய்த டென்வர் நிறுவனம் ஆஸ்துமாக் குழந்தைகளுக்கான விடுதி மருத்துவமனையோடு இணைந்தது. ஆஸ்துமாவுக்குத் தாயின் அளவுமீறிய பாசமோ நிராகரிப்போ காரணம் என்று மனப்பகுப்பாய்வு ஓங்கியிருந்த அந்த நாளில் நம்பினார்கள். குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நெடுநாள் வைத்திருப்பதே சிகிச்சை. அறுவை சிகிச்சை போலப் பெற்றோரை வெட்டியெடுப்பது என்ற பொருளில் 'பேரண்டெக்டமி' என்று அதற்குப் பெயரே வைத்தார் மர்ரே பெஷ்கின் என்ற ஒவ்வாமை மருத்துவர். குற்றவாளியாக நின்றவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். தாயை விலக்கிவைத்த அதே நிறுவனத்தின் பரிசோதனைச்சாலையிலிருந்துதான், காரணம் ரத்தத்திலும் இருக்கிறது என்ற அசைக்க முடியாத சான்றும் வந்தது. விடுதலை செய்த அறிவும் சிறைவைத்த அறிவும் ஒரே வளாகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தன.

இந்தப் பின்னணியில்தான் 1971 வருகிறது. பொது மருத்துவ வாரியமும் குழந்தை மருத்துவ வாரியமும் சேர்ந்து 'அமெரிக்க அலர்ஜி மற்றும் இம்யூனாலஜி வாரியம்' என்ற கூட்டு வாரியத்தை உருவாக்கின. அதுவரை ஒவ்வாமை இந்த இரண்டு துறைகளுக்குள்ளும் தனித்தனி உட்பிரிவாக ஒண்டிக்கொண்டிருந்தது. இப்போது தனிப் பரீட்சை, தனிச் சான்றிதழ், 2 வருட ஃபெல்லோஷிப். பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர் குழந்தைகளையும், குழந்தைகளைப் பார்த்துப் பழகியவர் பெரியவர்களையும் பார்த்தாக வேண்டும் என்பது இந்தப் பயிற்சியின் விசேஷமான விதி. வயதை வைத்து உடலைக் கூறுபோட்ட மருத்துவத்தில் இது ஒரு நல்ல உடைப்பு என்றே நினைக்கிறேன்.

'மற்றும் இம்யூனாலஜி' என்ற ஒட்டு அறிவியல் பெயர் மட்டுமல்ல, அந்தஸ்துக்கான விண்ணப்பமும்கூட. ஊசிக்காரர் அன்றிலிருந்து மூலக்கூறுக்காரர். அகாடமி தன் பெயரில் 'இம்யூனாலஜி'யை 1982இலும் 'ஆஸ்துமா'வை 1995இலும் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் எல்லைக்கல்லை நகர்த்தி நடுகிற வேலை. ஆஸ்துமா எங்கள் வயல் என்று நுரையீரல் டாக்டர்களுக்குச் சொல்வது அது.

5

வயலுக்கு எல்லை வைத்தால் வெளியே நிற்பவர்கள் உருவாவார்கள். சிகாகோவின் தெரோன் ராண்டால்ஃப் முறையாகப் பயின்ற ஒவ்வாமை டாக்டர். பெட்ரோலியப் பொருட்கள், பூச்சிமருந்து, கட்டடங்களின் ரசாயனங்கள் மனிதரை நோயாக்குகின்றன என்று 1950களிலிருந்து சொல்லிவந்தார். 1965இல் 'கிளினிக்கல் எகாலஜி' என்ற பெயரில் தனிச் சங்கமே தொடங்கினார். 1980களில் அகாடமி இதை நிரூபிக்கப்படாத முறை என்று அறிவித்து வெளியே தள்ளியது.

இந்த இடத்தில் நம்மில் சிலர் உடனே ராண்டால்ஃப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். விளிம்பில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அவருடைய வழிவந்தவர்கள் நம்பிய தோலூசிச் சோதனை 1990இல் நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் மறைத்துச் செய்யப்பட்டபோது தோற்றுப்போனது. உணவுச் சாற்றுக்கும் வெறும் உப்பு நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முறை தோற்றது நியாயம்தான். ஆனால் முறையோடு சேர்த்துக் கேள்வியையும் புதைத்தார்களே, தொழிற்சாலையும் கட்டடமும் உடலை என்ன செய்கின்றன என்ற கேள்வியை, அதுதான் என் குற்றச்சாட்டு. ஃபெல்லோவுக்குக் கிடைத்த பாடம்: தோலைக் குத்திப் பார், தடித்தால் உண்டு, தடிக்காவிட்டால் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1981 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் மைக்கேல் காட்லீப் என்ற இளம் இம்யூனாலஜி ஆசிரியர், பாடத்துக்கு ஏற்ற ஒரு சுவாரசியமான நோயாளியைத் தேடிவரும்படி தன்னிடம் பயின்ற ஒரு ஃபெல்லோவை அனுப்பினார். பயிற்சியின் அன்றாட வழக்கம்தான் அது. அப்படிக் கிடைத்த இளைஞனின் ரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் அநேகமாகக் காணாமலே போயிருந்தன. அவற்றை எண்ணிப் பார்க்கும் நுட்பம் அப்போதுதான் வந்திருந்தது. 1981 ஜூன் 5 அன்று, அரிய நிமோனியாவால் தாக்கப்பட்ட 5 தற்பால் விருப்பமுள்ள இளைஞர்கள் பற்றிய குறிப்பு அரசின் வார அறிக்கையில் வெளியானது. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவப் பதிவு அது. ஒரு பயிற்சி மாணவர் சரியான இடத்தில் கண்ணை வைத்ததால் வந்தது.

அதன்பின் நடந்தது இன்னும் முக்கியம். அரசும் சமூகமும் கைவிட்ட அந்த நோயாளிகள் 'ஆக்ட் அப்' போன்ற அமைப்புகளாகத் திரண்டு தாங்களே இம்யூனாலஜி படித்தார்கள். மருந்துச் சோதனைகள் எப்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று விஞ்ஞானிகளோடு வரிக்கு வரி வாதாடி ஆய்வுக் குழுக்களுக்குள் இடம்பிடித்தார்கள். 2 வருடப் பயிற்சியும் கிடையாது, வாரியச் சான்றிதழும் கிடையாது. சாவு துரத்திய வேகத்தில் கற்ற கல்வி. ராண்டால்ஃபின் சங்கத்துக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்றால், அவர்கள் அறிவியலுக்கு மாற்று வீடு கட்டினார்கள், இவர்கள் அறிவியலின் வீட்டிலேயே பங்கு கேட்டார்கள். பங்காளி என்ற சொல்லுக்கு அதன் முழு அர்த்தத்தையும் மீட்டுக் கொடுத்தவர்கள் என்று இவர்களைத்தான் சொல்வேன்.

6

பேச்சுத் தமிழில் கரப்பான் என்பது ஒரு தோல் நோய். கத்திரிக்காயும் கருவாடும் 'கரப்பான் பண்டம்'. கரப்பான் என்பது ஒரு பூச்சியும்கூட. 'நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்' என்ற வியாபாரத்துக்கு நான் வரவில்லை. இந்த ஒலி ஒற்றுமை எதையும் நிரூபிக்காது. ஆனால் அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் ஆஸ்துமாவும் கரப்பான் பூச்சியும் ஒன்றாக வாழ்ந்தன என்பது 1997இல் எண்களோடு வெளிவந்தது. 8 நகர்ப் பகுதிகளில் 476 ஆஸ்துமாக் குழந்தைகளை ஆராய்ந்ததில் 36.8 சதவீதம் பேருக்குக் கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமை. படுக்கையறைகளில் பாதிக்கு மேல் அதன் பொருள் அதிக அளவில் இருந்தது. இரண்டும் சேர்ந்த குழந்தைகளே அதிகம் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்.

வெள்ளை இனத்தின் மேன்மைக்குச் சான்றாகப் பேசப்பட்ட நோய்க்குடும்பம் ஒரு நூற்றாண்டில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். கறுப்பினக் குழந்தைகள் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் வெள்ளைக் குழந்தைகளைவிடப் பல மடங்கு. இதற்கு ஃபெல்லோ என்ன எழுதித் தர முடியும்? வாயால் உறிஞ்சும் மருந்து, பூச்சியை ஒழிக்கச் சொல்லி அறிவுரை. ஒழுகும் குழாயையும் இடிந்த சுவரையும் சரிசெய்ய வேண்டியது வீட்டுக்காரன். அவனுக்கு மருந்துச் சீட்டு எழுத எந்தப் பயிற்சியும் அதிகாரம் தருவதில்லை. தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கத் தெரிந்த கண்ணுக்கு வாடகை ஒப்பந்தத்தைப் படிக்கவும் கற்றுத்தந்தால்தான் பயிற்சி முழுமையாகும்.

அதேசமயம் இந்தத் துறைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நேர்மையும் உண்டு. அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு 3 வயது வரை வேர்க்கடலை தராதீர்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000இல் அறிவுறுத்தியது. 2008இல் அந்த அறிவுரை திரும்பப் பெறப்பட்டது. அதே வருடம் லண்டனில் கிடியன் லாக்கின் குழு ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது: பிரிட்டனின் யூதக் குழந்தைகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இஸ்ரேலின் யூதக் குழந்தைகளைவிடப் பத்து மடங்கு. இஸ்ரேலியக் குழந்தைகள் பல் முளைக்கும் வயதிலேயே கடலைத் தின்பண்டம் தின்கிறார்கள். 2015இல் 640 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனை முடிவு வந்தது. தொடக்கத்தில் தோல் சோதனையில் ஒன்றும் காட்டாதவர்களில், கடலையைத் தவிர்த்த குழந்தைகளில் 13.7 சதவீதத்துக்கும், தின்ற குழந்தைகளில் 1.9 சதவீதத்துக்கும் 5 வயதில் ஒவ்வாமை. விலக்கிவைத்ததுதான் தீங்கு செய்தது, பழகியது காப்பாற்றியது. இதைவிடத் தெளிவாக 'இம்யூனிஸ்' என்ற கருத்தை யாரும் கட்டுடைக்க முடியாது. அதைச் செய்தது எந்தத் தத்துவவாதியும் அல்ல, வேர்க்கடலை.

இன்னொன்று, ஃபெல்லோக்கள் இன்று கற்கும் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம் பேரின் மருத்துவக் கோப்பில் 'பென்சிலின் ஒவ்வாமை' என்று எழுதியிருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பென்சிலினைத் தாங்குகிறார்கள். சிறுவயதில் ஏதோ தடிப்பு, யாரோ ஒரு டாக்டர் எழுதிவிட்டார், அந்த முத்திரை ஆயுளுக்கும் கூடவே வருகிறது. அதனால் விலை அதிகமான, கெடுதலும் அதிகமான மருந்துகளைச் சாப்பிட நேர்கிறது. அந்த முத்திரையைச் சோதித்து நீக்குவது இன்று பயிற்சியின் ஒரு பகுதி. பிறந்தபோது எழுதிய முத்திரையைச் சாகும்வரை சுமக்கும் சமூகத்திலிருந்து எழுதுகிறவனுக்கு, ஒரு துறை தான் குத்திய முத்திரையைத் தானே அழிக்கக் கற்றுத்தருகிறது என்பது சின்ன விஷயமல்ல.

7

கடைசியாக, அந்த ஃபெல்லோ யார்? 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகளை நிரப்பியவர்களில் பெரும்பங்கு வெளிநாட்டில் படித்தவர்கள். இன்று அங்குள்ள டாக்டர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அப்படிப்பட்டவர். அனுப்பிய நாடுகளில் இந்தியா முன்வரிசை. நம் அரசுக் கல்லூரிகளில், நம் வரிப்பணத்தில் படித்துப் போனவர்கள் அதில் கணிசம். பயிற்சி விசாவில் போனவர் முடித்ததும் 2 வருடம் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்பது சட்டம். டாக்டர் கிடைக்காத அமெரிக்கக் கிராமத்திலோ ஏழைப் பகுதியிலோ வேலை செய்யச் சம்மதித்தால் அதிலிருந்து விலக்கு. மறுபடியும் அதே சொல், விலக்கு. தன் ஊரின் பொதுச்சுமையிலிருந்து விலக்குப் பெற இன்னொரு நாட்டின் பொதுச்சுமையைச் சுமக்கும் ஏற்பாடு. தனியாட்களைக் குறைசொல்லி என்ன ஆகப்போகிறது? பங்கீட்டின் கணக்கு நாடுகளுக்கு இடையிலும் இப்படித்தான் எழுதப்படுகிறது.

'அலர்ஜி'க்குத் தமிழில் 'ஒவ்வாமை' என்ற சொல் நிலைபெற்றது நல்ல காரியம். அதில் எதிரி இல்லை, போர் இல்லை. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்ற செய்தி மட்டும்தான். பொருந்தாமைக்கு இரண்டு தரப்பு உண்டு. 'எனக்குச் சேராது' என்று நம் பாட்டிகள் சொல்லும்போதும் அப்படித்தான், பண்டத்தையும் திட்டுவதில்லை, உடம்பையும் திட்டுவதில்லை. இந்தச் சொல்லை நேர்மையாகப் பின்தொடர்ந்தால் தோலோடு நிற்க முடியாது. சேராத வீடு, சேராத காற்று, சேராத கூலி என்று அது போய்க்கொண்டே இருக்கும். அவ்வளவு தூரம் கூடவே நடக்கிற ஒருவரைத்தான் நான் ஃபெல்லோ என்று ஒத்துக்கொள்வேன். மற்றவர்கள் விலக்குப் பெற்றவர்கள்.